ஓர் அங்குல ஆட்களுக்கு ஒரு சத்திரம்

ரொறன்ரோவில் நகரசபையின் அனுமதி எடுக்காமல், வங்கியில் அடைமானம் வைக்காமல், முகவர் எவருக்கும் கொமிஷன் கொடுக்காமல் நான் ஓர் இரண்டு மாடிக் கட்டடம் கட்டி முடித்திருக்கிறேன். நீளம் ஒன்பது அங்குலம். அகலம் ஆறு. கீழே ஒரு கூடம், மேலே மூன்று படுக்கையறை, பின்னால் குதிரை லாயம். ஐரோப்பாவில் ஐந்நூறு, அறுநூறு வருடங்களுக்கு முன்னர் ஏதோ ஒரு சேற்றுத் தெருவின் ஓரத்தில் நின்றிருக்கக்கூடிய சத்திரம், இன்றைக்கு ஸ்காபரோவில் எங்கள் பேஸ்மென்டில், சலவை யந்திரத்துக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் நிற்கிறது. வீடு விற்றுக் கொடுக்கும் நண்பர் ஒருவர் குனிந்து ஜன்னலுக்குள்ளால் பார்த்துவிட்டு, "சப்வேக்குக் கிட்ட எண்டால் இதுவும் ஒரு மில்லியனுக்குப் போகும்" என்றார். அவர் பகிடி விடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சத்திரம் கேட்டவன் என் மகன். பதினைந்து வயது. சனிக்கிழமை பின்னேரங்களில் அவனும் நண்பர்களும் பேஸ்மென்டில் கூடிப் போர் செய்வார்கள். கணினியில் அல்ல, மேசையில். கையால் வர்ணம் பூசிய சின்னஞ்சிறு வீரர்கள், ஒரு பை நிறையப் பகடைகள், அளவு நாடா, கந்தபுராணத்தை விடத் தடித்த விதிப்புத்தகம். ஒரு பக்கம் கவசக் குதிரைப்படை, மறுபக்கம் பச்சைத் தோல் கோப்லின்கள். ஒருவன் தன் படையை ஆறு அங்குலம் நகர்த்துவான். மற்றவன் நாடாவைப் பிடித்துப் பார்த்து, ஆறேகால் என்பான். அதோடு போர் நின்றுவிடும், வழக்கு தொடங்கும். கனடா 1970களிலேயே மெட்ரிக்குக்கு மாறிவிட்டது, கோப்லின்கள் மாறவில்லை. இந்த விளையாட்டுகளில் பெரிய பெயரான வார்ஹாமர் இங்கிலாந்திலிருந்து வருவது. அங்கே போர் இன்றைக்கும் அங்குலத்தில்தான் நடக்கிறது. ஆனால் வீரர்களின் உயரம் மட்டும் மில்லிமீட்டரில்: 28. அந்த 28ஐப் பாதத்திலிருந்து உச்சந்தலை வரை அளப்பதா, கண் வரை அளப்பதா என்று உலகம் முழுவதும் வளர்ந்த ஆண்கள் சண்டை பிடிக்கிறார்கள். கண் கட்சியின் வாதம் எனக்குப் பிடித்தது. தலையில் தொப்பியோ தலைக்கவசமோ இருந்தால் உச்சியை எங்கே தேடுவது?

சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நான் சொன்னபோது மகன் முறைத்தான். முறைத்ததில் நியாயம் உண்டு. 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி இதைப் போன்ற ஒன்றைப் படைத் தலைமையின் முன்னால் விரித்துக் காட்ட, அது அந்த நாட்டுப் படை அதிகாரிகளுக்குப் பாடமாகவே ஆனது. எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்று வீட்டுப் போருக்கு ஒரு விதிப்புத்தகம் எழுதினார். ஈய வீரர்களைப் பொம்மைப் பீரங்கியால் சுட்டு விழுத்தும் விளையாட்டு. உண்மைப் போர் வேண்டாம், ஆசை இருந்தால் தரையில் பொம்மையை வைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்பது அவருடைய கட்சி. மறு வருடமே உலகப் போர் தொடங்கியது. தலைவர்கள் புத்தகம் வாசிப்பதில்லை.

படைகள் இருந்தன, மேசை வெறுமையாகக் கிடந்தது. இரண்டு சப்பாத்துப் பெட்டிகளை மலை என்று வைத்துக்கொண்டு எத்தனை காலம்தான் போரிடுவது? ஒரு சத்திரம் வேண்டும் என்று பெடியள் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். 1974இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் ஊர் பேர் தெரியாத நாலு பேர் சந்தித்து, யாருடைய புதையலையோ எடுக்கப் புறப்படும் இடம் பெரும்பாலும் சத்திரம்தான். ஆயத்தமாகச் செய்த சத்திரங்கள் கடையில் உண்டு. விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் தனக்கு ஓர் அப்பா இருக்கிறார் என்பது மகனுக்கு ஞாபகம் வந்தது.

இந்தத் தொழிலின் அடித்தளம் ஒரு பிங்க் நிற அட்டை. வீட்டுச் சுவருக்குள் குளிர் புகாமல் இருக்க வைக்கும் இன்சுலேஷன் அட்டை அது. கட்டடச் சாமான் கடையில் எட்டு அடி நீளத்தில் கிடைக்கும். ஊரில் நாங்கள் ரிஜிபோம் என்று சொல்வதை வெட்டினால் வெள்ளை மணி மணியாக உதிர்ந்து வீடெல்லாம் பறக்கும். இது உதிராது, கத்தி போன வழியே சுத்தமாகப் பிளக்கும். பென்சிலால் அழுத்திக் கோடு போட்டால் அந்தக் கோடு அப்படியே நிற்கும். அதனால் ஒரு பென்சிலும் அடிமட்டமும் இருந்தால் ஒரு பின்னேரத்தில் ஒரு சுவர் முழுக்கச் செங்கல் அடுக்கிவிடலாம். செங்கல்லுக்குக் கல்லின் சொரசொரப்பு வேண்டுமா? குசினியில் இருக்கும் அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி, சுவரின் மேல் உருட்டினால் போதும். எங்கள் வீட்டில் அந்தத் தாள் எதற்கு இவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்ற விசாரணை இன்னும் நிலுவையில் இருக்கிறது.

ஒரே ஒரு கட்டளை உண்டு: ஸ்பிரே பெயிண்டை வெறும் அட்டையில் அடிக்கக் கூடாது. அதிலுள்ள கரைப்பான் அட்டையைத் தின்றுவிடும். முதலில் கறுப்பு அக்ரிலிக் பெயிண்டில் வெள்ளைப் பசையைக் கலந்து ஒரு பூச்சு. அது காய்ந்தபின் சாம்பல், அதற்கு மேல் இன்னும் வெளிறிய சாம்பல். தூரிகையில் பெயிண்டை ஏறக்குறைய முழுக்கத் துடைத்துவிட்டு, கல்லின் முனைகளில் மட்டும் படும்படி தடவ வேண்டும். பெயிண்ட் வாங்கி, தொட்டு, துடைத்து எறிந்துவிட்டு, மிஞ்சியதால் பூசும் இந்த முறையை மனைவி ஒருநாள் பின்னால் நின்று முழுவதும் பார்த்தாள். "பெட்ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி எத்தனை வருசமாச் சொல்லுறன்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்தது மரம். இந்தச் சத்திரங்களின் அழகே ஓக் மரச் சட்டங்கள்தான். வெள்ளைச் சுவரில் கறுப்புச் சட்டங்கள் நெடுக்கும் குறுக்கும் ஓடும். 28 மில்லிமீட்டர் ஆளுக்குப் பொருத்தமான மரத்தூண், கோப்பி கலக்கும் மரக் குச்சி. இதற்காக நான் கனடிய மத்திய அரசுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்ரிக் பொருட்களுக்கு அரசு தடை கொண்டுவந்தது. 2023 டிசம்பருக்குப் பிறகு பிளாஸ்ரிக் கலக்கிகளை விற்கவும் கூடாது. கடல் ஆமைகளுக்காகச் செய்த சட்டம். பயனடைந்தது ஸ்காபரோவின் கட்டடத் தொழில். கோப்பிக் கடைகளில் இப்போது இருப்பதெல்லாம் மரக் குச்சி. நான் கோப்பியில் சீனி போடுவதில்லை, பாலும் விடுவதில்லை. ஆனால் ஒரு கறுப்புக் கோப்பி வாங்கினால், அதைக் கலக்க ஒரு கைப்பிடி குச்சி தேவைப்படுகிறது. கடையில் நிற்கும் பஞ்சாபிப் பிள்ளை முதல் கிழமை பார்த்தும் பாராமல் இருந்தாள். பிறகு ஒருநாள் தானாகவே ஒரு கட்டுக் குச்சியை எடுத்துத் தந்து, "என்ன கட்டுகிறீர்கள்?" என்று கேட்டாள். சத்திரம் என்றேன். அவளுடைய ஊரிலும் பெருஞ்சாலையோரம் தாபாக்கள் உண்டு. அதனால் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

உள்ளே தளபாடம் வேண்டும் என்று மகன் பிடிவாதம் பிடித்தான். கூரையைக் கழற்றினால் உள்ளேயும் சண்டை பிடிக்கலாமாம். மேல்மாடி அறைக்கு எத்தனை கட்டில் என்ற கேள்வி வந்தபோதுதான் அந்தக் காலத்துச் சத்திரங்களைப் பற்றிக் கொஞ்சம் வாசித்தேன். ஒரு கட்டிலில் முன்பின் அறியாத வழிப்போக்கர் இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து படுப்பது சாதாரணமாம். லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் வேர் என்ற ஊர்ச் சத்திரம் ஒன்றுக்காக 1590 அளவில் செய்த பெருங்கட்டில் ஒன்று இருக்கிறது. அகலம் மூன்று மீட்டருக்கும் மேல். நாலு தம்பதிகள் ஒன்றாகப் படுக்கலாம் என்று பேர் பெற்ற கட்டில். ஷேக்ஸ்பியரே தன் நாடகமொன்றில் அதைப் பற்றிப் பகிடி விட்டிருக்கிறார். மகன் வாயைப் பிளந்தான். நான் பிளக்கவில்லை. கனடாவுக்கு வந்த புதிதில் நானிருந்த பேஸ்மென்டில், இரவு வேலைக்காரன் எழும்பிப் போன பாயில், சூடு ஆறுவதற்குள் பகல் வேலை முடித்தவன் வந்து விழுவான். தலையணைக்குச் சொந்தக்காரன் யார் என்பது வாடகை கட்டும் நாளில்கூடத் தெளிவாகவில்லை. ஆகவே மேல்மாடியின் உள் அலங்காரத்தை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். ஓர் அறைக்கு ஒரே கட்டில், சுவரோரம் சுருட்டிய பாய்கள், மூலையில் ஒரு பெரிய பானை. பானைக்குள் என்ன என்று பெடியள் கேட்டார்கள். சோறு என்றேன்.

என் அம்மா மாடிப்படி இறங்குவதில்லை, முழங்கால் விடாது. ஆனால் வீட்டில் ஒரு கட்டடம் எழும்புகிறது, அதை அவர் மேற்பார்வை செய்யவில்லை என்றால் எப்படி? சுவர்களை ஒரு தட்டில் வைத்து மேலே கொண்டு போய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மரச் சட்டத்துக்குள் நான் பின்னி வைத்திருந்த மெல்லிய ஈர்க்குகளையும், அதன் மேல் பாதி பூசிய மண் நிறப் பூச்சையும் தடவிப் பார்த்தார்.

"உதென்ன தம்பி? வெள்ளைக்காரன்ரை சத்திரமெண்டாய். இது வரிச்சுக் கட்டி மண் அப்பின சுவரெல்லோ?"

"ஓமம்மா. அவங்களும் அப்பிடித்தான் கட்டினவங்கள். களிமண், வைக்கோல், மாட்டுச் சாணி. அதுக்கு மேலை சுண்ணாம்பு."

"சாணியோ?"

"சாணிதான்."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "பிறகேன் எங்கடை வீட்டுக்கு வந்திட்டு மூக்கைப் பொத்தினவங்கள்?"

அதோடு அவர் வெள்ளைக்காரனை மன்னித்துவிட்டார். கூரைப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். ஆங்கிலேயக் கிராமத்துக் கூரை வைக்கோலால் அல்லது நாணலால் வேய்ந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதற்குக் கரடிப் பொம்மையின் ரோமத்தை வெட்டி ஒட்டுகிறார்கள். சிலர் வாசலில் போடும் தும்புக் கால்மிதியைப் பிய்த்து எடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் கரடிப் பொம்மை இல்லை. தும்புக் கால்மிதி இருந்தது, சில நாட்கள் வரை. அம்மா சோபாவில் இருந்தபடி கட்டளை இட்டார். இறப்பிலிருந்து தொடங்கி முகட்டுக்குப் போகவேணும். மேல் வரிசை கீழ் வரிசையை மூடவேணும், இல்லாட்டி மாரிக்கு ஒழுகும். பேஸ்மென்டில் மாரி பெய்யாது என்று மகன் சொன்னான். "உவனுக்கென்ன தெரியும்" என்றுவிட்டு அம்மா நாலாம் வரிசையைப் பிரித்து மறுபடி ஒட்டச் சொன்னார். பிறகு இங்கிலாந்தின் கூரைத் தொழிலாளர்கள் வேய்கிற காணொளி ஒன்றைப் பார்த்தேன். அவர்களும் இறப்பிலிருந்து முகட்டுக்குத்தான் போகிறார்கள். அம்மாவுக்குக் காட்டவில்லை; காட்டினால் சுவரையும் பிரிக்கச் சொல்லுவார்.

கட்டி முடிந்தது என்று நினைத்தபோதுதான் பாதி வேலை மிச்சம் என்றான் மகன். சத்திரம் புதிதாக இருக்கிறதாம். அதைப் பழசாக்க வேண்டும். வெதரிங் என்று அதற்குப் பெயர். தண்ணீராய்க் கரைத்த மண்ணிறத்தை ஊற்றி இடுக்குகளில் அழுக்கு இறக்க வேண்டும். புகைபோக்கிக்குக் கரி. வடக்குச் சுவருக்குப் பாசி. கதவடியில் சேறு. ஜன்னல் பலகை ஒன்று கழன்று தொங்க வேண்டும். இதே கிழமையில்தான் மேல்மாடியில் எங்கள் குசினியைப் புதுப்பிக்கும் வேலையும் நடந்துகொண்டிருந்தது. குவார்ட்ஸ் கல் மேசை, கூரையில் பொட் லைட், சுவரில் ஒரு புள்ளி அழுக்கு இல்லாத வெள்ளை. எங்கள் சனம் கனடாவில் செய்த முதல் வேலையும் கடைசி வேலையும் வீட்டைப் புதிதாக வைத்திருப்பதுதான். தெருவில் ஒருவர் டிரைவ்வேக்குக் கல் பதித்தால் மறு கோடையில் மற்ற ஏழு வீட்டிலும் கல் பதிந்துவிடும். அந்தத் தெருவில், அந்த வீட்டின் அடியில், ஒரு குடும்பத் தலைவன் கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டு நல்ல சுவரில் ஊத்தை பூசிக்கொண்டிருந்தான். மேலே வேலை செய்த போர்த்துக்கேயத் தச்சர் கீழே கைகழுவ வந்தவர், நெடுநேரம் நின்று பார்த்தார். "இந்த நிறம் எப்படி வந்தது?" என்று கேட்டார். அவருடைய ஊர் வீட்டுச் சுவரின் நிறமாம்.

கடைசியில் பெடியள் கேட்டது ஒரு ஷெல் ஓட்டை. அவர்களுடைய கற்பனை உலகத்தில் வாளும் உண்டு, பீரங்கியும் உண்டு. கூரையின் ஒரு மூலையில் குண்டு விழுந்திருக்க வேண்டுமாம். மகனின் நண்பன் ஒருவன் கத்தியால் அழகான வட்டமாக ஒரு துளை வெட்டிக்கொண்டு வந்தான்.

"அப்பிடி வராது," என்றேன். "வட்டமா ஒருநாளும் வராது. கூரை முதல்லை வெளியாலை பறக்கும், பிறகு மிச்சம் உள்ளுக்கை விழும். சலாகை முறிஞ்சு தொங்கும். முகட்டு வளை தடிச்ச மரமெண்டால் அப்பிடியே நிக்கும், கரிஞ்சுபோய். எதிர்ச் சுவரிலை சன்னம் பட்ட புள்ளி இருக்கவேணும், இடுப்புக்கு மேலை கனக்க, கீழை கொஞ்சம். இவ்வளவுக்கும் பக்கத்திலை நிண்ட ஒரு வாளி தண்ணிக்குக்கூட ஒண்டும் நடந்திருக்காது. அதுதான் அதிலை பெரிய விசர்."

பெடியள் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "அங்கிள், இதுக்கு எந்த யூடியூப் சானல்?" என்று ஒருவன் கேட்டான்.

"வல்வெட்டித்துறை," என்றேன். அவன் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தான்.

அன்றிலிருந்து என் இடிபாடுகளுக்கு அந்த வட்டாரத்தில் தனி மதிப்பு. மார்க்கம் நகரத்திலிருந்து ஒரு சீனப் பையன் தன் கோட்டையை வாகனத்தில் ஏற்றிக் கொண்டுவந்து இரண்டு ஓட்டை போட்டுத் தரச் சொன்னான். போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அனுபவத்துக்கு விலை வைத்தால் பிறகு எதிலிருந்து தொடங்குவது?

ஒரு சத்திரத்தை வைத்து இப்படிப் படைகள் மோதுவது எங்கே நடந்தது என்று மனைவி கேட்டாள். அவள் கேட்டது பொருத்தமான ஊரில் இருந்துகொண்டு. ரொறன்ரோவின் சொந்தப் போரே ஒரு சத்திரத்தில் தொடங்கி அதே சத்திரத்தில் முடிந்தது. யங் வீதியில், எக்ளின்டன் சாலைக்குச் சற்று வடக்கே, மொன்ட்கொமரியின் சத்திரம். 1837 டிசம்பர். இந்த நகரத்தின் முதல் மேயராக இருந்த வில்லியம் லயன் மக்கென்ஸி, ஆளுநர் பிரான்சிஸ் பொண்ட் ஹெட்டின் ஆட்சியைக் கவிழ்க்கக் கிராமத்து விவசாயிகளை அங்கே திரட்டினார். 7ஆம் தேதி திரள்வது என்று திட்டம். இடையில் தகவல் குழம்பி, ஒரு கூட்டம் 4ஆம் தேதியே வந்துவிட்டது. புரட்சி மூன்று நாள் முந்திவிட்டது, சாப்பாடு முந்தவில்லை. சத்திரக்காரரான ஜோன் மொன்ட்கொமரி அப்போதுதான் லின்ஃபுட் என்பவருக்கு இடத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் நூற்றுக்கணக்கான ஆட்கள் பசியோடு வாசலில் வந்து நின்றால் புதுக் குத்தகைக்காரன் நிலை என்ன? கல்யாண வீட்டுக்கு மூன்று நாள் முன்னதாக மாப்பிள்ளை வீட்டார் முழுப் பேரும் வந்திறங்கிய கதைதான்.

மக்கென்ஸி துப்பாக்கிக் குண்டு துளைக்காதபடி ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கோட்டுகளைப் போட்டிருந்தார் என்று சொல்வார்கள். டிசம்பர் மாத ரொறன்ரோவில் பஸ்ஸுக்கு நிற்கும் எவரும் அதைத்தான் செய்கிறார்கள்.

5ஆம் தேதி இரவு, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் யங் வீதி வழியே நகரத்தை நோக்கி இறங்கினார்கள். வழியில், ஒரு காய்கறித் தோட்டத்தில், ஷெரிஃப் ஜார்விஸின் ஆட்கள் முப்பது பேருக்கும் குறைவாக ஒளிந்திருந்தார்கள். அவர்கள் ஒரு தடவை சுட்டார்கள், சுட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். இந்தப் பக்கம் முன்வரிசையில் நின்றவர்கள் திருப்பிச் சுட்டுவிட்டு, பின்னால் நிற்பவர்கள் சுட வசதியாகத் தரையில் படுத்தார்கள். பின்னால் நின்றவர்களுக்கு இருட்டில் தெரிந்தது என்ன? முன்வரிசை முழுவதும் ஒரே வெடியில் விழுந்துவிட்டது. அவர்களும் ஓடிவிட்டார்கள். யங் வீதியில் அந்த இரவு வடக்கே ஒரு படையும் தெற்கே ஒரு படையும் ஓடிக்கொண்டிருந்தன.

இதை நான் சொல்லி முடித்ததும் மகன் எழும்பி நின்றுவிட்டான். "அப்பா, ரெண்டு பக்கமும் மொரால் செக்கிலை ஃபெயில்!" அவர்களுடைய விதிப்படி, ஒரு படைக்கு அடி விழுந்தால் அது நிற்குமா ஓடுமா என்று பகடை போட்டுப் பார்க்க வேண்டும். இரு படையும் ஒரே நேரத்தில் தோற்று ஓடுவது நடக்கவே நடக்காது என்று அதுவரை எல்லோரும் வாதாடினார்களாம். இப்போது சரித்திர ஆதாரம் கிடைத்துவிட்டது.

7ஆம் தேதி பொண்ட் ஹெட் ஏறக்குறைய ஆயிரம் பேரோடும் பீரங்கிகளோடும் வாத்தியக் குழுவோடும் யங் வீதியில் ஏறி வந்தார். பீரங்கிக் குண்டு சத்திரத்தை எட்டியதும் உள்ளே இருந்தவர்கள் வெளியே பாய்ந்து சிதறினார்கள். ஆளுநர் சத்திரத்தைக் கொளுத்தச் சொன்னார். மக்கென்ஸி அமெரிக்காவுக்குத் தப்பிவிட்டார். தப்பாத சாமுவேல் லவுண்ட், பீற்றர் மத்தியூஸ் இருவரையும் 1838 ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள். பகிடி அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. மக்கென்ஸியின் பேரன் பிற்காலத்தில் கனடாவின் பிரதமராக இருபது வருடத்துக்கும் மேல் இருந்தார். விவசாயிகளின் பேரன்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

எனக்குப் பிடித்தவர் சத்திரக்காரர் மொன்ட்கொமரி. அவருக்கும் தூக்குத்தண்டனைதான் விதித்தார்கள். நீங்களெல்லாம் நரகத்தில் பிசாசோடு வறுபடும் காலத்தில் நான் யங் வீதியில் சத்திரம் நடத்திக்கொண்டிருப்பேன் என்று அவர் நீதிமன்றத்தில் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. தண்டனை குறைக்கப்பட்டு, கிங்ஸ்டன் ஹென்றி கோட்டையில் அடைபட்டு, அங்கிருந்து தப்பி, 1843இல் மன்னிப்புக் கிடைத்துத் திரும்பி வந்தார். வந்து யங் வீதியில் சத்திரம் நடத்தினார். வியாபாரம் என்றால் அது.

சத்திரம் நின்ற இடத்துக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். 1936இல் கட்டிய தபால் நிலையத்தின் முகப்பு நிற்கிறது. அதன் நெற்றியில், ஒரு வருடம்கூட அரியணையில் இருக்காமல் இறங்கிப்போன எட்டாம் எட்வேர்ட் மன்னரின் முத்திரை. அதற்குப் பின்னால் கொண்டோ கோபுரம். பெயர்க் குழப்பத்தில் எல்லோரும் தேடிப் போகும் மொன்ட்கொமரி சத்திரம் வேறு. அது எற்றோபிக்கோவில், டண்டாஸ் வீதியில், தோமஸ் மொன்ட்கொமரி என்ற இன்னொருவர் 1830 அளவில் கட்டியது. அதை எவரும் கொளுத்தாதபடியால் அது இன்றைக்கும் கல்லுக் கல்லாக நிற்கிறது, நகரத்தின் அருங்காட்சியகமாக. நடுவில் கதவு, இரண்டு பக்கமும் சரிசமமாக ஜன்னல்கள். அங்கேயும் போனோம். மகன் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒளிச்சு நிண்டு சுட ஒரு மூலையும் இல்லை" என்று நிராகரித்துவிட்டான்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம். "உந்தச் சத்திரத்திலை வழிப்போக்கனிட்டைக் காசு வாங்கிப்போட்டோ படுக்க விடுறது?" ஓம் என்றேன். அவருக்கு அது பொருந்தவில்லை. அவருடைய ஊர் பருத்தித்துறை. அங்கே தும்பளை வீதியில் தெருமூடி மடம் இருக்கிறது. தெருவுக்கு மேலேயே கூரை. இரண்டு பக்கமும் கல் தூண்களும் உயர்ந்த திண்ணைகளும். நடுவால் தெரு போகும். வண்டி நிழலுக்குள் புகுந்து மறுபக்கம் வரும். படுக்க ஒரு சதமும் வேண்டாம். மடம் என்றால் பக்கத்தில் கேணி, மாடு உடம்பு தேய்க்க ஆவுரோஞ்சிக் கல், தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கி. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் பேரில் வைக்கிற கல் அது என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவன் தன் படையில் செத்த குதிரைவீரர்களுக்கும் அப்படி ஒன்று வைக்கலாமா என்று கேட்டான். "வை ராசா. ஆனா உயரம் சரியா இருக்கவேணும், தனி ஆளாய் இறக்கி ஏத்தக்கூடியதா" என்றார்.

ஆக, மிச்சமிருந்த பிங்க் அட்டையில் ஒரு தெருமூடி மடம் எழும்பியது, சத்திரத்துக்கு எதிரே, தெருவை அடைத்துக்கொண்டு. தூண்கள் அளவு பிசகாமல் வந்தன. ஆவுரோஞ்சிக் கல்லுக்கு ஒரு பேனா மூடி. மகனின் படைத்தலைவர்களுக்குத்தான் நெருக்கடி. மேசையில் தெரு ஒன்றுதான். இனி அந்தத் தெருவால் போக மடத்துக்குள் புகுந்துதான் ஆகவேண்டும். மடத்துக்குள் நிற்பவனை வெளியிலிருந்து சுடலாமா? தூண் மறைக்கிறதா? கூரை இருக்கிறதே, அம்பு மேலிருந்து விழுமா? விதிப்புத்தகத்தில் மதில் உண்டு, கோபுரம் உண்டு, காடு உண்டு, சதுப்பு உண்டு; மடம் இல்லை. வழக்கை மேல்மாடிக்குக் கொண்டு போனார்கள்.

"மடத்துக்குள்ளை வந்தவனிலை ஆரும் கைவைக்கக் கூடாது," என்றார் அம்மா. "எந்தச் சாதிக் கோப்லினெண்டாலும்."

தீர்ப்பு விதியாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை முதல் சுற்றிலேயே கோப்லின்கள் ஆறு அங்குலம் ஓடி மடத்துத் திண்ணையில் ஏறிக்கொண்டார்கள். கவசக் குதிரைப்படையைக் காட்டுக்குள் ஒளித்திருந்த பையன் நிலைமையைப் பார்த்தான். பேசாமல் குதிரைகளை எதிர்த் திண்ணைக்கு நடத்தினான். மூன்றாம் சுற்றில் இரண்டு பக்கத்து வில்லாளர்களும் வந்து சேர்ந்தார்கள். இப்போது இரண்டு மணிநேரமாக எவனும் வெளியே வருவதாயில்லை, பகடைகள் பையை விட்டு எழும்பவில்லை. கடைசியாக வந்த ராட்சதன் ஒருவன் மட்டும் திண்ணையில் இடமில்லாமல் தெரு நடுவில் நிற்கிறான், அவனைச் சுடலாமா கூடாதா என்று வழக்கு. கீழேயிருந்து மகன் கத்துகிறான்: "அப்பா, மடத்திலை இடம் காணாது. இன்னொண்டு கட்டவேணும்!"

அட்டை முடிந்துவிட்டது. கோப்பிக் குச்சி கொஞ்சம் இருக்கிறது. சப்பாத்து எங்கே?